முன்ன பின்ன சொல்லாதவள்

"என்னிக்கு?" என்று அவள் கேட்டால் கிழமையும் தேதியும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "இந்த வாரத்துல" என்று சொன்னால் மறுபடியும் "என்னிக்கு?" என்பாள். "வெள்ளி, சனி, முன்ன பின்ன ஆகும்மா" என்று யாராவது இழுத்தால், பென்சிலை முக்காட்டுக்குள் காதோரமாகச் செருகிக்கொண்டு, "முன்னவா, பின்னவா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். காஞ்சிபுரத்தில் பிறந்த எவரிடமும் அதற்குப் பதில் கிடையாது. எங்கள் ஊரில் முன்ன பின்ன என்பது ஒரே சொல். அதை இரண்டாகப் பிய்த்துப் பார்க்கலாம் என்று அவளுக்கு முன்னால் யாருக்கும் தோன்றியதில்லை.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. அவளைக் கேட்காமல் எழுதுகிறேன், அதனால்தான். கடையில் பாதிப் பேர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. 'பை' என்பார்கள். 'பை மண்டே', 'பை ஃபிப்டீன்த்' என்று நாள் முழுக்க இங்கிலீஷில் கெடு சொல்லிக்கொண்டிருந்ததால் வந்த பெயர். கீழே வாடிக்கையாளர் யாராவது புடவையை வைத்துக்கொள்ளப் பை கேட்டால், "மாடியில ஒண்ணு இருக்குது, வேணுமா?" என்று சேல்ஸ் பையன்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். கேலிக்குக் கோபப்படுகிற ஆள் இல்லை அவள்.

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடை. மாடியில் ஓர் அறை, இரண்டு மேசை, சன்னலோரம் ஒரு டீ பிளாஸ்க். வெளிநாட்டிலிருந்து புடவை கேட்கிறவர்களுக்கு இங்கிலீஷில் பதில் எழுதுவது அவள் வேலை. நெசவாளர்களிடம் பேசி, புடவை என்றைக்குத் தறியிலிருந்து இறங்கும் என்று தேதி வாங்கித் தருவது என் வேலை. நான் பிள்ளையார்பாளையத்து நெசவு வீட்டுப் பெண், தறிக்காரர்களின் பேச்சு எனக்குப் புரியும் என்று முதலாளி அப்படிப் பிரித்துக் கொடுத்திருந்தார். ஆகவே அவள் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது என் பக்கம் திரும்பி "என்னிக்கு?" என்பாள். அப்போது அது எனக்குத் தொல்லையாக இருந்தது. பிறகு ஏழு வருஷம் அவள் என்னிடம் தேதியே கேட்கவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை அவள் கேட்க வேண்டும் என்பதுதான் அந்த ஏழு வருஷமும் என் ஆசை. வேறு பெரிய ஆசை எதுவும் எனக்கு இருந்ததில்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே முதலாளியை மடக்கிவிட்டாள். அவர் அதற்கு முந்தின வாரம் கனடாக்காரர் ஒருவருக்கு, 'வீ வில் செண்ட் த சாரி அன்டில் மண்டே' என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு அவள் மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னாம்மா சிரிப்பு?"

"திங்கட்கிழமை வரைக்கும் அனுப்பிக்கினே இருப்போம்னு எழுதியிருக்கீங்க சார். தினம் ஒரு புடவையா?"

"அவருக்குப் புரிஞ்சா போதாதா?"

"புடவை வரும்னு புரிஞ்சுடும் சார். வாசல்ல எவ்ளோ நேரம் நிக்கணும்னு புரியாது."

முதலாளி கீழே போய்விட்டார். மறுநாளிலிருந்து அவர் இங்கிலீஷில் ஒரு வரியும் எழுதவில்லை.

அவள் ஆங்கில இலக்கியம் படித்தவள் இல்லை. ஏனாத்தூரில் பி.காம். படித்தாள், அதையும் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்ததாகச் சொல்வாள். ஆனால் நேரத்தைச் சொல்கிற அந்தக் குட்டிச் சொற்கள் மீது அவளுக்கு ஒரு வெறி. எதை எங்கே போடுவது என்று யோசித்து, பென்சிலைக் கடித்து, எழுதியதை அழித்து, மறுபடி எழுதுவாள். மூன்று வரி மெயிலுக்கு முக்கால் மணி நேரம். நான் பொறுமையிழந்து, "ஏதோ ஒண்ணு போடுபா" என்று சொன்னதுண்டு.

"ஏதோ ஒண்ணு போட்டா ஏதோ ஒரு நாள்தான் போய்ச் சேரும்" என்பாள்.

ஒரு மத்தியானம் புடவை மடித்து அட்டைப் பெட்டியில் வைக்கிற அக்கா சாப்பிட மாடிக்கு வந்தவர், "அதுல அப்படி இன்னாதான் இருக்குது, சொல்லேன்" என்று கேட்டுவிட்டார். அவளுக்கு அதுபோதும். மேசை மேல் இருந்ததை எல்லாம் எடுத்துப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள்.

"'அட்'டுன்னா குண்டூசி. பத்து மணின்னா பத்துலதான் குத்தணும். 'ஆன்'னா இந்த மேசை. வெள்ளிக்கிழமைன்னா மேசை மேல எந்த மூலையில வேணா வைக்கலாம், கீழ விழக் கூடாது. 'இன்'னா பீரோ. ஜூன் மாசம்னு ஒரு பீரோ. எந்தத் தட்டுல இருக்குதுன்னு கேக்கக் கூடாது."

"அப்போ உன் பேரு?" என்றார் அக்கா.

"'பை'ன்னா கதவு சாத்துற நேரம்கா. அதுக்குள்ள எப்போ வேணா வரலாம். சாத்தினதுக்கு அப்புறம் வரக் கூடாது. 'அன்டில்'னா அதுவரைக்கும் கதவுகிட்டயே நிக்கணும்."

"இந்த 'ஆன் டைம்', 'இன் டைம்'ங்கிறாங்களே?" என்று நான் கேட்டேன்.

"'ஆன் டைம்' ரயிலுக்கு. சொன்ன நிமிஷத்துக்கு வரணும். 'இன் டைம்' கல்யாணத்துக்கு. தாலி கட்டுறதுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்தா சரி. நமக்கு இன் டைம் போதும்பா, அதுவே கஷ்டமா இருக்குது."

அக்கா தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "இவ்ளோ பேசுறவ தினம் பத்து நிமிஷம் லேட்டா வர்றியே" என்றார். அதுவும் உண்மைதான். கடை ஒன்பதரைக்குத் திறக்கும். அவள் ஒன்பது நாற்பதுக்கு வருவாள். ஆனால் வேலைக்குச் சேரும்போதே, "தங்கச்சியை ஸ்கூல்ல விட்டுட்டு ஒன்பது நாப்பதுக்கு வருவேன் சார்" என்று சொல்லிவிட்டுச் சேர்ந்தவள். நான்கு வருஷமும் ஒன்பது நாற்பதுக்கே வந்தாள். ஒன்பது முப்பத்தெட்டுக்கு வந்துவிட்டால் வாசலில் நின்று செருப்பைத் தட்டிக்கொண்டிருப்பாள்.

முதலாளிக்குச் சீக்கிரம் என்பதற்கான 'சூன்' என்ற இங்கிலீஷ் சொல் ரொம்பப் பிடிக்கும். தேதி தெரியாத இடத்தில் எல்லாம், "சூன்னு போடும்மா" என்பார். அதை மட்டும் அவள் எழுத மாட்டாள். "சூன்ங்கிறது தேதி இல்ல சார். இல்லன்னு சொல்லக் கூச்சப்படுறவங்க எழுதுறது" என்பாள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுவாள். அப்படி எழுதி இரண்டு மூன்று ஆர்டர்கள் கைநழுவின. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் ஒரு தடவை அவளிடம் புடவை வாங்கியவர்கள் மறுதடவையும் அவளைத்தான் கேட்டு எழுதினார்கள்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பதைப் பல நாள் கழித்துத்தான் சொன்னாள். அவளுடைய அப்பா, அத்தா என்பாள், புடவை வியாபாரி. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நெல்லூர், குண்டூர் என்று சுற்றுவார். ஒரு வருஷம் நோன்பு மாதத்தில் கிளம்பும்போது, "பெருநாளைக்கு முன்ன பின்ன வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பின்னே வந்தார். பண்டிகை முடிந்து ஐந்தாம் நாள்.

"அம்மா ஒண்ணும் கேக்கல. சேமியாவை மட்டும் அஞ்சு நாளும் சூடு பண்ணிக்கினே இருந்தாங்க. ஆறாத மாதிரி" என்றாள். "அஞ்சாம் நாளுன்னு முன்னாடியே சொல்லியிருந்தார்னா, நாங்க அன்னிக்கே பண்டிகை கொண்டாடியிருப்போம்பா."

அதைச் சொன்ன இடம் கடையின் மொட்டைமாடி. பெருநாள் பிறை பார்க்க ஏறியிருந்தோம். வருஷத்தில் அந்த ஒரு தடவை மட்டும் அவளே முன்ன பின்ன ஆகிவிடுவாள். லீவு லெட்டரில் தேதி போட மாட்டாள், 'பிறை தெரிந்ததற்கு மறுநாள்' என்று எழுதுவாள். முதலாளிக்கு அன்றைக்குத்தான் பண்டிகை. "இப்ப சொல்லு, என்னிக்கு? முன்னவா, பின்னவா?" என்று அவள் கேட்பதுபோலவே கேட்டுப் பழி தீர்த்துக்கொள்வார். "தெரியாததைத் தெரியாதுன்னுதானே சார் எழுதியிருக்கேன்" என்பாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க அமாவாசை என்னிக்கு?" என்பாள்.

எங்கள் அமாவாசை என்று அவள் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. அமாவாசையன்று எங்கள் தெருக்களில் தறி ஓடாது. நாட்காட்டி பார்க்காமலேயே நெசவு வீட்டில் குழந்தைக்குக்கூட அந்த நாள் தெரியும், தெரு சத்தமில்லாமல் கிடக்கும். அமாவாசை கழிந்து முதல் நாளோ இரண்டாம் நாளோ அவளுக்குப் பிறை. நான் நாளைச் சொன்னதும் விரல்விட்டு எண்ணி, "அப்போ இந்த ரெண்டுல ஒண்ணு" என்று நிம்மதியாவாள். "உங்க தறி நின்னாத்தான் எங்க வீட்டுல அடுப்பு எரியுது" என்று சிரிப்பாள். இரண்டு வருஷம் சேர்ந்தே மொட்டைமாடியில் நின்று பிறை பார்த்தோம். கோபுரத்துக்கு இடது பக்கம், மின்கம்பிக்கு மேலே, முதலில் கண்டுபிடித்தது இரண்டு தடவையும் நான்தான். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை.

அவளிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. ஒவ்வொரு தறிக்காரருக்கும் ஒரு பக்கம். 'சொன்ன நாள்' என்று ஒரு கட்டம், 'அறுத்த நாள்' என்று ஒரு கட்டம். புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்து இறக்குகிற நாள்தான் அறுத்த நாள். எட்டு நாள் என்பவர் எப்போதும் பதினோரு நாள் எடுக்கிறார் என்று நோட்டு சொன்னால், அவர் எட்டு என்றதும் இவள் பதினொன்று என்று எழுதிக்கொள்வாள். ஒரு பெரியவர் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு மிரண்டே போனார்.

"இன்னாம்மா, எங்க மேல கேஸ் போடப்போறியா?"

"இல்ல மாமா. உங்க ஒரு நாளுக்கு எங்க நாள் எவ்ளோன்னு பாக்குறேன்."

அவர் யோசித்துவிட்டு, "அது சரி, தறியில உக்காராத நாளை நாங்க நாளா எண்ணுறதில்லையே" என்றார். உண்மை. எங்கள் வீடுகளில் பத்து நாள் என்றால் காலால் தறி மிதிக்கிற பத்து நாள். நடுவில் அமாவாசை, அம்மன் கோயில் கூழ், யார் வீட்டுக் காதுகுத்து வந்தாலும் அவை எல்லாம் எண்ணிக்கைக்கு வெளியே. சொல்கிறவருக்கும் அது தெரியும், கேட்கிற நெசவு வீட்டுக்காரருக்கும் தெரியும். கடைக்காரர்தான் ஏமாறுவார்.

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும். தள்ளிப்போட்டது போதும்.

ஆடி மாதம். வெளிநாட்டிலிருந்து ஓர் அம்மா எழுதினார். தங்கைக்குக் கல்யாணம், பெண்ணழைப்பு பன்னிரண்டாம் தேதி சாயந்தரம் வேலூரில். அதற்குக் கட்டுகிற புடவையை அக்காவாகத் தன் கையால் கொடுக்க வேண்டும். மாம்பழ நிறம், அரக்குக் கரை. பன்னிரண்டாம் தேதி காலையில் காஞ்சிபுரம் வந்து தானே வாங்கிக்கொள்வார், மூன்று மணிக்கு மேல் இருக்க முடியாது. முடியும் என்றால் மட்டும் சொல்லுங்கள், முடியாது என்றால் சென்னையில் பார்த்துக்கொள்கிறேன் என்று மரியாதையாக எழுதியிருந்தார். அன்றைக்குத் தேதி முப்பத்தொன்று.

அதற்கு முந்தின வாரம்தான் முதலாளி எல்லார் முன்னாலும், "உங்க அண்ணனுக்கு இனிமே அவசரப் புடவை கிடையாதும்மா, இழுத்துடுறான்" என்று சொல்லியிருந்தார். எனக்குச் சுருக்கென்று தைத்திருந்தது. எங்கள் வீட்டுத் தறியைப் பற்றி இன்னொருவர் சொல்வதா? அண்ணனிடம் போனில் கேட்டேன். அந்த நிறப் பாவு நூல் தறியில் தயாராக இருந்தது. "பத்து நாளு வேலைம்மா, நாளைக்கு உக்காந்துடுறேன்" என்றான். நடுவில் ஆடி அமாவாசை இருந்தது. எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது. அண்ணன் அந்த இரண்டு நாளும் தறிப்பக்கம் போக மாட்டான். பத்து என்றால் பன்னிரண்டு என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் இல்லை.

"என்னிக்கு?" என்றாள் அவள்.

"பத்து நாள். பதினொண்ணாம் தேதி கையில இருக்கும்."

"உங்க அண்ணன் சொன்னாரா, நீ சொல்றியா?"

"நான் சொல்றேன்பா."

அவள் என்னைப் பார்த்தாள். நோட்டைத் திறந்து ஏதோ எழுதினாள், மூடினாள். பிறகு 'பை த லெவன்த்' என்று அந்த அம்மாவுக்குப் பதில் எழுதினாள். வழக்கமாகக் கடிக்கிற பென்சிலை அன்றைக்குக் கடிக்கவில்லை. முக்கால் மணி நேரம் ஆகிற வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. நோட்டில் பழைய வரிகளைப் பார்க்க மறந்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். பார்த்திருந்தால் எழுதியிருக்க மாட்டாளே.

இரண்டு நாள் முன்ன பின்ன ஆனால் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்று ஊர்ப் புத்தி எனக்கு. அண்ணன் அமாவாசைக்கு உட்காரவில்லை. கூழ் ஊற்றின அன்றைக்குக் குண்டான் தூக்கினான். பதினொன்றாம் தேதி சாயந்தரம் அவள் கேட்டபோது, "காலைல வந்துடும்" என்று இரண்டாவது பொய்யையும் சொன்னேன். மறுநாள் காலை பத்து மணிக்கு அந்த அம்மா மாடிப்படி ஏறி வந்தபோது புடவையின் முந்தி இன்னும் தறியில் இருந்தது.

அவள் என்னைத் திட்டவில்லை. ஆட்டோ பிடித்து அந்த அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். தறிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அந்த அம்மாவை உட்காரவைத்தோம். அண்ணன் தலையைத் தூக்கவே இல்லை. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து கைகொடுத்தாள். அந்த அம்மா முதலில் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு கைக்கடிகாரத்தையும் தறியையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு தறியைப் பார்ப்பதை விட்டுவிட்டார். மூன்று மணிக்கு எழுந்தார். முந்தியில் இன்னும் ஒரு சாண் பாக்கி.

"பரவால்லம்மா. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார்.

"தப்பு என்னுதுதான் மேடம். நான்தான் தேதி எழுதினேன்" என்றாள் அவள். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

நாலே முக்காலுக்குப் புடவையை அறுத்தான் அண்ணன். ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதம். அவள் அதை மடித்துப் பெட்டியில் வைத்து, "நான் வேலூர் போய்க் கொடுத்துட்டு வரேன்" என்று பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினாள். நானும் வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. அவளும் கூப்பிடவில்லை. மறுநாள் ஒன்பது நாற்பதுக்கு வேலைக்கு வந்தாள்.

"கொடுத்தியா?"

"கொடுத்தேன்."

"இன்னா சொன்னாங்க?"

"ரொம்ப அழகா இருக்குதுன்னு சொன்னாங்க. சாப்பிட்டுப் போகச் சொன்னாங்க." கம்ப்யூட்டரைப் போட்டாள். "பொண்ணு வேற புடவை கட்டிக்கினு இருந்துது."

அவ்வளவுதான். அதைப் பற்றி அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. என் டப்பாவிலிருந்து உருளைக்கிழங்கு எடுத்துத் தின்றாள், என் கல்யாணப் பேச்சு முறிந்தபோது இரண்டு நாள் என்னோடு உட்கார்ந்து அழுதாள், முதலாளியைப்போல நடந்து காட்டி என்னைச் சிரிக்கவைத்தாள். எதுவும் மாறவில்லை. 'என்னிக்கு?' என்று என் பக்கம் திரும்புவது மட்டும் நின்றுவிட்டது. தறிக்காரர்களுக்கு அவளே போன் செய்தாள். என் அண்ணனுக்கும் அவளே செய்தாள். "உனக்கு எதுக்குபா சிரமம்" என்றாள், முகத்தில் துளி வெறுப்பு இல்லாமல். இவள் சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், முடிந்திருக்கும். அடுத்த வருஷம் நோன்பு மாதத்தில் லீவு லெட்டர் எழுத உட்கார்ந்தாள். என்னைக் கேட்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். எழுந்து போய், சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியில் அமாவாசையைத் தானே பார்த்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதற்கு மறுவருஷம் அவளுக்குக் கல்யாணமாகி ஷார்ஜாவுக்குப் போனாள். கடைசி நாளன்று மேசை சாவியையும் நீள நோட்டையும் என்னிடம் கொடுத்தாள். தெரிந்தேதான் பொய் சொன்னேன் என்று அன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். கீழே கார் காத்திருந்தது, அவளுடைய அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அதற்குப் பதில், "எப்போ வருவே?" என்று கேட்டேன்.

"தெரியலபா."

"சீக்கிரம் வருவேன்னாவது சொல்லேன்."

"சீக்கிரம்ங்கிறது தேதி இல்லபா" என்று சொல்லிவிட்டு என் கன்னத்தைத் தட்டினாள். பிறகு படியிறங்கிப் போய்விட்டாள்.

ஐந்து வருஷமாக அவள் நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். 'பை', 'அன்டில்' எல்லாம் நான்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு தடவையும் அவள் குரலில் ஒரு குண்டூசியும் மேசையும் பீரோவும் மனதில் வருகின்றன. பெருநாளன்று அவளுக்கு வாழ்த்து அனுப்புவேன். அங்கே பிறை இங்கேயைவிட ஒரு நாள் முன்னால் தெரிந்துவிடுகிறது. எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் தொழுகை முடிந்து நான் அனுப்புகிற நேரத்தில் அவளுக்குப் பண்டிகை முடிந்து போயிருக்கும். "நேத்தே ஆயிடுச்சுபா, நல்லா இருக்கியா?" என்று பதில் வரும். வாழ்த்தைக்கூட அவளுக்குப் பின்னேதான் என்னால் சொல்ல முடிகிறது.

நீள நோட்டைத் தினமும் எடுக்கிறேன். எங்கள் அண்ணன் பக்கத்தை மட்டும் திறந்ததில்லை. அவனிடம் வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தேன். இந்த மாதம் நோட்டு தீர்ந்துவிட்டது. புது நோட்டில் எல்லாத் தறிகளின் பழைய வரிகளையும் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. எங்கள் வீட்டுப் பக்கமும் வந்தது.

மேலே ஐந்தாறு பழைய வரிகள். சொன்னது பத்து, அறுத்தது பன்னிரண்டு. சொன்னது பத்து, அறுத்தது பன்னிரண்டு. சொன்னது எட்டு, அறுத்தது பத்து. அதற்குக் கீழே அந்த ஆடி மாதத்து வரி. அவள் கையெழுத்து சின்னதாகச் சாய்ந்திருந்தது.

'நோட்டுப்படி 12. இவ சொல்றது 10. இவ சொல்றபடி எழுதுறேன்.'

நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றுவிட்டேன். அவள் மறக்கவில்லை. பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறாள். யார் சொன்னதையும் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஏற்காதவள், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை நோட்டை மூடிவைத்துவிட்டு ஒருத்தி சொன்னதை நம்ப வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறாள். அந்த ஒருத்தி நான். அவளை ஏமாற்றியதாக ஏழு வருஷம் நினைத்திருந்தேன். அவள் தெரிந்தே வைத்த நம்பிக்கையை நான் கெடுத்திருக்கிறேன், அது அதைவிட மோசம்.

அந்த வரியில் 'அறுத்த நாள்' கட்டம் காலியாக இருந்தது. நோட்டு முழுக்கப் புரட்டிப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான வரிகளில் அவள் நிரப்பாமல் விட்ட கட்டம் அது ஒன்றுதான்.

அவளுடைய பென்சில் ஒன்று இழுப்பறையில் கிடந்தது, நுனி கடித்தது. அதை எடுத்து அந்தக் கட்டத்தில் எழுதினேன்: 'பன்னிரண்டாம் தேதி, மாலை 4.45.' அதைப் போட்டோ பிடித்து அவளுக்கு அனுப்பினேன். கீழே, "அமாவாசையும் கூழும் நடுவுல இருந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பத்துன்னு சொன்னேன்பா" என்று எழுதினேன். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். வெட்கமாக இருந்தது.

பார்த்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் கோடுகள் வந்தன. பதில் வரவில்லை. அன்றைக்கு முழுதும் வரவில்லை. மறுநாள் காலை கடை திறந்து, பெட்டிகளை எண்ணி, டீ குடித்தேன். ஒன்பது நாற்பதுக்குப் போன் அதிர்ந்தது. தற்செயலாகத்தான் இருக்கும், அங்கே அப்போது எட்டு மணி பத்து நிமிஷம். ஆனால் நான் எழுந்து வாசலைப் பார்த்தேன், வெட்கமில்லாமல்.

இது நோன்பு மாதம் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவள் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தாள்.

"உங்க அமாவாசை என்னிக்குபா?"

சுவர் நாட்காட்டியைப் பார்த்தேன். நம்பிக்கை வராமல் அண்ணனுக்குப் போன் செய்தேன், கோயில் குருக்களுக்கும் செய்தேன். விரல்விட்டு இரண்டு தடவை எண்ணினேன். அழித்து அழித்து எழுதினேன், முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"புதன்கிழமை காலைல எட்டரைக்குப் பிறக்குது, வியாழக்கிழமை காலைல ஏழு வரைக்கும் இருக்குது. எங்க தெருவுல தறி நிக்கிறது புதன்கிழமை. முன்ன பின்ன இல்ல."